டெலிகாட்டாவைத் தோலோடு சாப்பிடலாம், தண்ணீரில் மட்டும் போடாதீர்கள்

கேள்வி: சந்தையில் டெலிகாட்டா என்று ஒரு ஸ்குவாஷ் பார்த்து மூன்று வாங்கி வந்தேன். தோலைச் சீவவே வேண்டாம் என்றார் விற்றவர். நம்பி, தோலோடு நறுக்கிப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தேன். சதை கரைந்துபோய்த் தோல் மட்டும் துண்டு துண்டாக மிதந்தது. தித்திப்பு வேறு. வீட்டில் யாரும் தொடவில்லை. நிஜமாகவே இதன் தோலைச் சாப்பிடுவார்களா? இதை எப்படித்தான் சமைப்பது?

பதில்:

சாப்பிடுவார்கள். விற்றவர் உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் தோலை விட்டது சரி, தண்ணீரை விட்டதுதான் தப்பு.

நானும் இதே கூட்டை வைத்துக் கெடுத்தவன்தான். அமெரிக்காவுக்கு வந்த புதிதில் மஞ்சளாக எதைப் பார்த்தாலும் பரங்கிக்காய் என்று எடுத்துக்கொண்டு நேராகக் குக்கருக்குப் போவேன். டெலிகாட்டா இரண்டு முறை கரைந்த பிறகுதான் இந்த ஊர்க்காரர்கள் இதை என்ன செய்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தேன். ஒருவர்கூட வேகவைக்கவில்லை. எல்லோரும் ஓவனில் சுட்டார்கள். நான் சொல்லப்போவதும் அதைத்தான், கொஞ்சம் விவரமாக.

முதலில் இது என்ன காய் என்று பார்த்துவிடலாம். நீளமாக, வெளிர்மஞ்சள் தோலில் பச்சைக் கோடுகளோடு இருக்கிற டெலிகாட்டா, விண்டர் ஸ்குவாஷ் வகையைச் சேர்ந்தது. விண்டர் ஸ்குவாஷ் என்ற பெயரைக் கேட்டுக் குளிரில் காய்ப்பது என்று நினைத்துவிட வேண்டாம். கோடைத் தொடக்கத்தில் விதைத்து, செப்டம்பர், அக்டோபரில், கடும் உறைபனி விழுவதற்கு முன் பறித்துவிடுவார்கள். நன்றாக முற்றவிட்டுப் பறிப்பதால் குளிர்காலத்துக்கு வைத்துச் சாப்பிட முடிகிறது. பெயர் அப்படி வந்தது. சுக்கினியைப் பிஞ்சிலேயே பறிப்பதால் அது சம்மர் ஸ்குவாஷ். ஆனால் சுக்கினியும் டெலிகாட்டாவும் ஒரே இனம், குகுர்பிட்டா பெப்போ. ஹாலோவீனுக்கு முகம் செதுக்குகிற பூசணி, ஏகார்ன் ஸ்குவாஷ், ஸ்பகெட்டி ஸ்குவாஷ் எல்லாம் இதன் பங்காளிகள். பட்டர்நட் வேறு இனம், குகுர்பிட்டா மொஸ்காட்டா. நம் ஊர்ச் சந்தையில் கீற்றுப் போட்டு விற்கிற பரங்கிக்காயும் பெரும்பாலும் அந்த மொஸ்காட்டாதான். (பரங்கியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த காய்தான். பெயரிலேயே அது எழுதி ஒட்டியிருக்கிறது.) ஆகவே கூட்டு, புளிக்கூட்டு, சாம்பார் என்று மனம் போனால் பட்டர்நட்டை எடுங்கள். சதை கெட்டி, கொதியில் தாங்கும். டெலிகாட்டாவின் சதை மென்மையானது, அதிலும் ஒரு விரல் தடிமன்தான் இருக்கும். குக்கரில் ஒரு விசில் வருவதற்குள் அது கூழ்.

இனி தோல். முற்றிய ஸ்குவாஷ் பலவற்றில் தோலின் செல்களில் லிக்னின் ஏறிவிடும். மரத்துக்கு உறுதி கொடுக்கிற அதே பொருள். அது ஏறிய தோலை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் பல்லுக்குப் பிடிகொடுக்காது. டெலிகாட்டாவின் தோலில் அது மிகக் குறைவு, தோலும் மெல்லியது. ஓவனில் சுட்டால் ஓரம் முறுகி, நடுவில் லேசாக இழுபட்டு, வறுத்த உருளைக்கிழங்கின் தோல் போல ஆகிவிடும். தண்ணீரில் வெந்தால் அப்படி ஆகாது. சதை சீக்கிரம் கரைந்துவிடும், தோல் ஈரமாகி ஜவ்வு போல நிற்கும். சதைக்கும் தோலுக்கும் வேகும் நேரம் ஒன்றல்ல. சதை கரைவதற்குள் தோலை வழிக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் ஈரமில்லாத கடும் சூடு வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் உங்கள் கைப்பக்குவம்.

மெல்லிய தோல் என்பது சாப்பிடுகிறவனுக்கு வரம், வியாபாரிக்குத் தலைவலி. நியூயார்க்கில் இருந்த பீட்டர் ஹென்டர்சன் விதைக் கம்பெனி 1894இல் டெலிகாட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கொஞ்ச காலம் பேர் வாங்கியிருந்தது. பிறகு இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி இதை மறந்தே போனார்கள். லாரியில் குவித்துத் தூர ஊருக்கு அனுப்பினால் கீறல் விழும், கிடங்கில் பட்டர்நட் மாதிரி மாதக்கணக்கில் கிடக்காது, செடிக்குச் சாம்பல் நோய் எளிதில் வரும். பெரிய கடைகளுக்கு இப்படிப்பட்ட காய் எதற்கு? பிறகு நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சாம்பல் நோயைத் தாங்கக்கூடிய, கொடி ஓடாமல் புதராக வளரும் ரகம் ஒன்றை உருவாக்கினார்கள். கார்னெல்ஸ் புஷ் டெலிகாட்டா என்று பெயர். புது ரகங்களுக்குக் கொடுக்கிற ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருதை அது 2002இல் வாங்கியது. விவசாயிகளே நேரடியாக விற்கிற ஃபார்மர்ஸ் மார்க்கெட்டுகள் பெருகியதும் இந்தக் காய்க்குச் சாதகமாயிற்று. காலையில் பறித்து மதியம் விற்கிற இடத்தில் தோல் மெல்லியதாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இன்னொரு பக்கம் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் காய்கறி ரகங்களை உருவாக்கிய ஜேம்ஸ் பேகெட், சுகர் லோஃப், ஹனி போட் என்று இரண்டு ரகங்கள் கொடுத்தார். தோல் வெளிர்மஞ்சளாக இல்லாமல் காய்ந்த புல் நிறத்தில் இருக்கும், கோடு பச்சை. கண்ணில் பட்டால் விடாதீர்கள். சாதா டெலிகாட்டாவை விட இனிப்பு ஒரு படி கூடுதல், சதையும் சற்றுக் கெட்டி. உருண்டையாகக் கைக்கடக்கமாக, அதே கோடுகளோடு ஸ்வீட் டம்ப்ளிங் என்று ஒன்று வரும். அதன் தோலையும் சாப்பிடலாம், ஆனால் பள்ளமும் மேடுமாக இருப்பதால் நறுக்குவது இம்சை.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். அடிநிறம் வெண்ணெய் மஞ்சளாக இருக்க வேண்டும். பச்சை ஓடியிருந்தால் முற்றவில்லை, சப்பென்று இருக்கும். வயிற்றுப் பக்கம் மண்ணில் கிடந்த தழும்பு ஒன்று இருக்கும். அது நல்ல மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் கொடியிலேயே முற்றியது என்று அர்த்தம். பச்சைக் கோடுகளில் ஆரஞ்சு கலந்திருந்தால் இன்னும் நல்லது. காம்பு காய்ந்து தக்கை போல இருக்கட்டும். காம்பு முறிந்த காய் அந்த இடத்திலிருந்துதான் அழுகும். கையில் தூக்கினால் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். ரொம்பப் பெரியதைத் தேடாதீர்கள். அரைக் கிலோ அளவு, ஒரு சாண் நீளம் போதும்.

வீட்டுக்கு வந்ததும் நன்றாகக் கழுவுங்கள். தோலைச் சாப்பிடப்போகிறோம். அந்தக் கோடுகளின் பள்ளத்தில் மண் அப்பியிருக்கும், காய்கறி தேய்க்கிற பிரஷ் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கழுவியபின் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். பட்டர்நட்டையும் கபோச்சா என்கிற ஜப்பானியப் பூசணியையும் வெட்டும்போது கத்தி மாட்டிக்கொண்டு விரலைக் காவு கேட்கும். இது அப்படியில்லை, சாதாரணக் கத்திக்கே வழிவிடும். இரண்டு முனையையும் அரிந்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஸ்பூனால் விதையையும் நாரையும் வழித்து எடுத்து, அரை அங்குலத் தடிமனில் பிறை பிறையாக நறுக்குங்கள். எல்லாத் துண்டும் ஒரே தடிமனாக இருப்பது முக்கியம். இல்லாவிட்டால் பாதி கருகும்போது பாதி வேகாமல் இருக்கும்.

இனி சுடுவது. ஓவனை 425 ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 220 செல்சியஸுக்கு வையுங்கள். ட்ரேயையும் உள்ளேயே வைத்துச் சூடாக்குங்கள். தோசைக்கல் காயாமல் மாவை ஊற்றுவோமா? அதே நியாயம். இரண்டு காய்க்கு இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெய், முக்கால் டீஸ்பூன் உப்பு, போட்டுப் பிசிறிச் சூடான ட்ரேயில் பரப்புங்கள். துண்டுகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. இதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். நெருக்கிப் போட்டால் காயிலிருந்து வரும் ஆவி வெளியேற வழியில்லாமல், சுடுவதாக நினைத்துக்கொண்டு மறுபடி அவிப்பதுதான் நடக்கும். பெரிய ட்ரேயாக இருந்தாலும் இரண்டு காய்க்கு மேல் வேண்டாம், இடம் போதாவிட்டால் இரண்டு ட்ரேயாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கீழ்த்தட்டில் வைத்தால் அடிப்பக்கம் நன்றாகச் சிவக்கும். 15 நிமிடம் கழித்துத் திருப்பிப் போட்டு, இன்னும் 10 நிமிடம்.

வெந்துவிட்டதா என்று பார்க்கச் சதையில் குத்தாதீர்கள். சதை எப்போதோ வெந்திருக்கும். முள்கரண்டியைத் தோலில் குத்துங்கள். தடையில்லாமல் இறங்கினால் எடுத்துவிடலாம். சிவப்புப் புள்ளி புள்ளியாகச் சர்க்கரை கருகிய இடங்கள் தெரிய வேண்டும். பார்க்க அழகாக வெளிர்மஞ்சளாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் ருசி பாதிதான்.

ஏர் ஃப்ரையர் இருந்தால் 390 ஃபாரன்ஹீட்டில் 12 நிமிடம், நடுவில் ஒரு முறை குலுக்கல். ஒருவர் இருவருக்கு அதுவே போதும். இரண்டும் இல்லையென்றால் இரும்புச் சட்டி. கால் அங்குலத் துண்டாக நறுக்கி, எண்ணெய் காய்ந்ததும் ஒரே அடுக்காகப் பரப்பி, கிளறாமல் ஒரு பக்கம் சிவக்கவிட்டுத் திருப்புங்கள். மூடி போடாதீர்கள்.

அடுத்து உங்கள் தித்திப்புப் புகார். அது நியாயமான புகார், இந்த ஊர்ச் சமையலோடு எனக்கு இருக்கிற சண்டையும் அதுதான். நவம்பர் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங் வந்தால் இந்தக் காயின் மேல் மேப்பிள் சிரப், பழுப்புச் சர்க்கரை, பட்டைத்தூள் என்று கொட்டுவார்கள். ஏற்கெனவே இனிக்கிற காய்க்கு இனிப்புப் பூச்சு எதற்கு? இதற்கு வேண்டியது எதிர்ப்புறம் நிற்கிற ருசி, அதாவது புளிப்பு, காரம், கொஞ்சம் கசப்பு. இவர்களிலேயே நன்றாகச் சமைப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். கசப்பான கேல் கீரையோடு வினிகர் சேர்த்துச் சாலட், அக்ரூட், ஆட்டுப்பால் சீஸ், அல்லது வெண்ணெயைச் சிவக்கக் காய்ச்சி அதில் சேஜ் என்கிற வாசனை இலையைப் பொரித்து மேலே ஊற்றுவது. கடைசியில் சொன்னதைக் கட்டாயம் செய்து பாருங்கள். கறிவேப்பிலை தாளித்துப் பழகிய கைக்கு அது புதிதாகவே இருக்காது.

பிளந்த பாதி அப்படியே ஒரு படகு என்பதால் உள்ளே எதையாவது அடைத்துச் சுடுவதும் இங்கே வழக்கம். வைல்ட் ரைஸ் வைத்து அடைப்பது பொருத்தமான ஜோடி. மினசோட்டா மாநிலப் பக்கத்து ஏரிகளில் ஒஜிப்வே என்ற பூர்வகுடி மக்கள் படகில் போய்க் குச்சியால் தட்டி எடுக்கிற தானியம் அது. அவர்கள் மொழியில் மனோமின். அதை வேகவைத்து வெங்காயம், காளான், கிரான்பெரி சேர்த்து, முன்பே 20 நிமிடம் சுட்ட படகில் நிரப்பி இன்னும் 10 நிமிடம். ஸ்குவாஷ் என்ற சொல்லே இந்த மண்ணின் பூர்வகுடி மொழியான நாரகான்செட்டிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததுதான்.

நம் கைப்பக்குவத்துக்கு வருகிறேன். என் வீட்டில் வாராவாரம் நடப்பது இது. மேலே சொன்னபடி சுட்டு எடுத்துவைத்துக்கொண்டு, நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, இரண்டு கைப்பிடி தேங்காய்த் துருவலை ஒரு புரட்டுப் புரட்டி, சுட்ட துண்டுகளின் மேல் கொட்டி, அரை மூடி எலுமிச்சை பிழிவது. கரண்டி போட்டுக் கிளறினால் உடையும், ட்ரேயைக் குலுக்கினால் போதும். மிளகாய்த்தூள் போட வேண்டுமென்றால் திருப்பிப் போடும்போது போடுங்கள். முதலிலேயே போட்டால் அந்தச் சூட்டில் கருகிக் கசந்துவிடும். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டால் தயிர் சாதத்துக்கு அருமையான தொட்டுக்கை.

வத்தக்குழம்புக்கும் சேரும். குழம்பு கெட்டியாகி எண்ணெய் பிரிந்து, அடுப்பை அணைத்த பிறகு சுட்ட துண்டுகளைப் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். புளியும் காரமும் தித்திப்பும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். மோர்க்குழம்புக்கும் அதே வழி. குழம்போடு கொதிக்கவிடுவது மட்டும் கூடாது.

அப்புறம் பஜ்ஜி. பிளக்காமல் முழுக்காயைக் குறுக்கே மெல்லிய வளையமாக நறுக்கி, நடுவிலிருக்கும் விதையைச் சிறு ஸ்பூனால் எடுத்துவிட்டால் ஓரத்தில் பூ வேலை செய்தது போல வளையம் கிடைக்கும். கடலைமாவும் அரிசிமாவும் மூன்றுக்கு ஒன்று, மிளகாய்த்தூள் வழக்கத்தைவிடச் சற்றுக் கூட. வாழைக்காய் பஜ்ஜிக்கு ஒரு மாற்றுக் குறைவென்று சொல்பவர்கள் இருப்பார்கள். வெளியே இலை கொட்டி மழை தூறுகிற அக்டோபர் சாயங்காலத்தில் என் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

விதையைக் குப்பையில் போடாதீர்கள். நார் போகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உப்பும் எண்ணெயும் பிசிறி 300 ஃபாரன்ஹீட்டில் 15, 20 நிமிடம் வறுத்தால் படபடவென்று வெடிக்கும். மேலோடு மெல்லியது, உரிக்காமலே கொறிக்கலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நறுக்கும்போது ஒரு துண்டைப் பச்சையாக நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் தூக்கி எறியுங்கள். குகுர்பிட்டாசின் என்ற நச்சு அந்தக் கசப்பு. வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் கடுமையாக வரும். கடையில் வாங்கும் காயில் இது அரிது. தோட்டத்தில் விதை சேர்த்து வைத்துப் போடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பக்கத்தில் அலங்காரச் சுரைக்காய்க் கொடி இருந்து அதன் மகரந்தம் ஒட்டியிருந்தால் அந்த வருஷக் காயில் ஒன்றும் தெரியாது, அதன் விதையில் முளைத்த அடுத்த வருஷக் காய் விஷமாக இருக்கலாம். நான் ஒரு வருஷம் அப்படிச் சேர்த்த விதையைப் போட்டு, டெலிகாட்டா என்று நம்பி வளர்த்த கொடியில் கல் மாதிரி தோலோடு ஏதோ காய்த்தது. நாக்கில் வைத்ததும் ஓடிப்போய் வாய் கொப்பளித்தேன். அதிலிருந்து விதையை விலைக்குத்தான் வாங்குகிறேன்.

வைத்துக்கொள்வது பற்றி. முழுக்காயை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், 10 செல்சியஸுக்குக் கீழே போனால் குளிரடித்துப் புள்ளி விழும். காற்றோட்டமான, ஈரமில்லாத, 10 முதல் 13 செல்சியஸ் இருக்கிற இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் வைத்தால் மூன்று மாதம் வரை வரும். சமையலறை மேடையில் என்றால் மூன்று நான்கு வாரம். பட்டர்நட் பறித்துக் கொஞ்ச நாள் கிடந்தால்தான் இனிப்பு ஏறும், இதற்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. நாளாக ஆகத் தோல் தடிக்கிறது என்பது என் அனுபவம். ஆகவே தோலுக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் தீபாவளியை ஒட்டிய வாரங்களில் வாங்கி உடனே சமைத்துவிடுங்கள். நறுக்கிய துண்டுகளை மூடி ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வைக்கலாம்.

மூன்று வாங்கியதாகச் சொன்னீர்கள், மீதி இருந்தால் சுட்டுப் பாருங்கள். அந்தக் கூட்டு இன்னும் ஃப்ரிட்ஜில் இருந்தால் அதையும் கொட்ட வேண்டாம். தோலோடு மிக்ஸியில் நைசாக அரைத்து, ஒரு டம்ளர் வெந்நீர் விட்டு, மிளகும் சீரகமும் நெய்யில் பொரித்துப் போட்டுக் கொதிக்கவிட்டு, இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள். சூப் என்று சொல்லிக் கொடுங்கள், கூட்டு என்று சொல்லாதீர்கள்.